துணை வந்தால் அச்சம் போகுமா?

திகில் ஆட்டங்களைக் குறித்து ஆடுவோரிடமும் எழுதுவோரிடமும் ஐயத்துக்கு இடமின்றி ஊன்றிவிட்ட தீர்ப்பு ஒன்று உண்டு. முதற்பாகத்தில் ஒருவர் தனித்து ஆடி அஞ்சிய ஆட்டம், அடுத்த பாகத்தில் இருவரோ நால்வரோ கூடி ஆடுமாறு மாற்றப்பட்டால், அச்சத்தை இழந்து வெறும் துப்பாக்கிச் சண்டையாகத் தேய்ந்துவிடும் என்பதே அது. இதன்படி துணை என்பது அச்சத்துக்கு மாற்று மருந்து. இரண்டாவது ஆள் உள்ளே வந்ததும் முதல் ஆளின் பயம் வெளியேறிவிடும். கேட்டவுடன் ஒப்புக்கொள்ளத் தோன்றும் இக்கருத்து ஆட்டங்களின் வரலாற்றோடும் பொருந்தவில்லை, அச்சத்தைப் பற்றித் தமிழ் மரபு சொல்லிவைத்திருப்பதோடும் பொருந்தவில்லை என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மறுப்புக்கு ஒரு முறை வேண்டும். பண்ருட்டிக்கு அருகிலுள்ள திருத்துறையூரைச் சேர்ந்தவரும் 13ஆம் நூற்றாண்டினருமான அருணந்தி சிவாசாரியார், தம் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகளாக வகுத்தார். முன்னதில் பிறர் கொள்கைகளை எடுத்துரைத்து மறுத்தார், பின்னதில் தம் கொள்கையை நிறுவினார். எதிராளியின் வாதத்தை இளைக்கச் செய்துவிட்டு அதனை வெல்வது வெற்றியாகாது என்னும் நேர்மை அந்த அமைப்பிலேயே அடங்கியிருக்கிறது. ஆட்டம் என்னும் சிறு பொருளுக்கும் அம்முறை தகும் என்பதால், இங்கும் முதலில் பரபக்கமே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

'சர்வைவல் ஹாரர்' என்று ஆடுவோர் அழைக்கும் வகை, எதிரிகளை வெல்வதைவிட அவர்களிடமிருந்து உயிர் பிழைப்பதையே பொருளாகக் கொண்ட திகில் ஆட்டம். ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1996இல் வெளியிட்ட ரெசிடென்ட் ஈவில் இப்பெயரைப் பரவலாக்கியது. அதில் தோட்டாக்கள் குறைவு. பையில் கொள்ளும் பொருள்கள் குறைவு. ஆடிய வரையில் பதிந்துவைக்கத் தட்டச்சுப்பொறிக்கு மை நாடா வேண்டும், அந்த நாடாவும் எண்ணித்தான் கிடைக்கும். இந்த இல்லாமையிலிருந்தே அச்சம் பிறந்தது. இதே தொடரின் 5ஆம் பாகம் 2009இல் வந்தபோது, கிறிஸ், ஷேவா என்னும் இருவர் முதலிலிருந்து முடிவுவரை சேர்ந்தே செல்லுமாறு அமைந்தது. ஆடுவோர் பேச்சில் 'கோ-ஆப்' எனப்படும் கூட்டாட்டம் இதுவே. விண்வெளிக் கப்பலொன்றின் இடைவழிகளில் தனியாள் ஒருவனை நடுங்கவைத்த டெட் ஸ்பேஸ் தொடரும் 2013இல் தன் 3ஆம் பாகத்தில் இரண்டாம் ஆளைச் சேர்த்தது. இவ்விரு ஆட்டங்களையும் முன்னிறுத்தியே மேற்கண்ட தீர்ப்பு எழுந்தது.

எதிர்த்தரப்பின் வாதம் மூன்று கால்களில் நிற்கிறது. முதலாவது, தனிமையே அச்சத்தின் விளைநிலம், அது போனால் அச்சம் முளைக்காது என்பது. இரண்டாவது, கூடி ஆடுவோர் பேசுவர், கேலி செய்வர், சிரிப்பர். சிரிப்பு நுழைந்த இடத்தில் பயம் தங்காது என்பது. மூன்றாவது வரலாற்றுச் சான்று: கூட்டாட்டமாக மாறிய பாகங்கள் அஞ்ச வைக்கவில்லை, 2017இல் ரெசிடென்ட் ஈவில் 7ஆம் பாகம் துணையை நீக்கி ஒற்றை ஆளை ஒரு பாழ்வீட்டுக்குள் அடைத்ததும் அச்சம் திரும்பிவிட்டது என்பது. மூன்றும் சேரும்போது வாதம் வலுவாகவே தோன்றுகிறது. ஆயினும் மூன்றாம் காலே மிக உறுதியானதாகக் கருதப்படுவதால், அதிலிருந்து தொடங்குவதே முறை.

ஒரு விளைவுக்கு ஒன்றைக் காரணமாகச் சொல்ல வேண்டுமானால், அக்காரணம் இல்லாத இடத்தில் அவ்விளைவும் இல்லை என்று காட்டியாக வேண்டும். இத்தொடர் சண்டையை நோக்கித் திரும்பியது 5ஆம் பாகத்தில் அன்று. 2005இல் வந்த 4ஆம் பாகத்திலேயே கதாநாயகனின் தோளுக்குப் பின்னிருந்து குறிபார்த்துக் கும்பல் கும்பலாகச் சுடும் அமைப்பு வந்துவிட்டது, அதுவோ ஒருவர் மட்டுமே ஆடும் ஆட்டம். 2012இல் வெளியான 6ஆம் பாகத்தில் ஏடா என்னும் பாத்திரத்துக்கு உரிய பகுதி தொடக்கத்தில் தனியாளுக்கே உரியதாக இருந்தும், கூட்டாக ஆடும் மற்றப் பகுதிகளினும் அது அச்சம் மிக்கது என்ற பேச்சு பரவலாக எழவில்லை. டெட் ஸ்பேஸ் 3ஐத் துணையின்றித் தனியாகவே ஆடி முடிக்கலாம். அப்படி ஆடியவர்களும் அச்சம் குறைந்தது என்றே முறையிட்டனர். எல்லாத் துப்பாக்கிகளுக்கும் ஒரே வகைத் தோட்டா போதும் என்று அவ்வாட்டம் விதித்ததால், எந்தத் தோட்டா தீருமோ என்ற பழைய கவலையே அற்றுப்போயிற்று. அந்தத் தளர்வு இருவர் ஆடினாலும் ஒருவர் ஆடினாலும் ஒன்றுதான். துணை இல்லாதபோதும் நோய் இருந்ததென்றால், நோய்க்குக் காரணம் துணையன்று.

7ஆம் பாகத்தைச் சான்றாகக் காட்டுவதிலும் இதே பிழை உண்டு. அதில் துணை மட்டுமா நீங்கியது? பார்வை கதாநாயகனின் கண்ணுக்கே மாறியது, களம் நாடு நகரங்களிலிருந்து ஒரே வீட்டுக்குள் சுருங்கியது, தோட்டா அருகியது, கும்பல் போய், வீட்டுக்குள் துரத்தும் ஒரு குடும்பம் எதிரியானது. நான்கைந்தை ஒருசேர மாற்றிவிட்டு, கிடைத்த பயனை அவற்றுள் ஒன்றன் கணக்கில் மட்டும் எழுதுவது, எரு, நீர், விதை மூன்றையும் மாற்றி அறுவடை பெருகக் கண்டவர் விதையை மட்டும் புகழ்வதற்கு ஒப்பாகும்.

வரலாற்றை இன்னும் பின்னோக்கிப் பார்த்தால் தனிமையே இவ்வகையின் இலக்கணம் என்பதும் நிற்காது. ரெசிடென்ட் ஈவிலுக்கு வித்திட்டது கேப்காமே 1989இல் வெளியிட்ட ஸ்வீட் ஹோம் என்னும் ஆட்டம். ஆடுபவர் ஒருவரே எனினும், பேய்வீட்டுக்குள் நுழைபவர் ஐவர். ஒவ்வொருவரிடமும் மற்றவரிடம் இல்லாத ஒரு கருவி உண்டு. இறந்தவர் இறந்தவரே, மீண்டும் வரமாட்டார். எனவே அவ்வாட்டத்தின் அச்சம் 'நான் சாவேனோ' என்பதன்று, 'இவர்களில் யாரை இழப்பேன், அவர் இல்லாமல் எப்படி வெளியேறுவேன்' என்பது. 2003இலேயே ரெசிடென்ட் ஈவில் அவுட்பிரேக் இணையத்தின் வழியே பலர் கூடி ஆட வழிசெய்துவிட்டது. ஆகவே கூட்டாட்டத்தைப் பிற்காலத்தில் நுழைந்த கலப்படம் என்பவர், இவ்வகையின் மூலத்தையே மறந்து பேசுகின்றனர்.

இனி, தனிமையே அச்சத்தின் விளைநிலம் என்ற முதற்கால். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்வு உடம்பின்வழி வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டு அதனை எட்டாக வகுக்கிறது. அவற்றுள் அச்சத்துக்கு அது காட்டும் நிலைக்களன்கள் நான்கு: வருத்தும் தெய்வமும் பேயும் போன்ற அணங்கு, கொடிய விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை. நான்கும் எதிரே நிற்கும் பொருள்கள். தனிமை அப்பட்டியலில் இல்லை. தனிமை அச்சத்தைப் பெருக்கலாம், இருள் பெருக்குவது போல. ஆனால் பெருக்குவது வேறு, பிறப்பிப்பது வேறு. அஞ்சுவதற்கு ஏதுமில்லாத வீட்டில் தனித்திருப்பவர் அஞ்சுவதில்லை. அரசன் சினந்தால் அவை முழுவதும் கூடியிருந்தே அஞ்சுகிறது.

எதிர்த்தரப்புக்கு உதவக்கூடிய மிகச்சிறந்த தமிழ்ச் சான்று மணிமேகலையில் உள்ளது. அதன் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில், சார்ங்கலன் என்னும் இளைஞன் இரவில் தனிவழி சென்று சுடுகாட்டில் பேய் ஆடுவதைக் கண்டு, அஞ்சி ஓடிவந்து உயிர்விடுகிறான். தனிமை, இருள், பேய், மரணம் ஆகிய அனைத்தும் அங்கே உள்ளன. ஆனால் நூலாசிரியர் சாத்தனார் கதையை அங்கே நிறுத்தவில்லை என்பதை நோக்க வேண்டும். சார்ங்கலன் ஓடிவருவது தாயிடம். பேய்க்கு உயிர் கொடுத்தேன் என்று சொல்லி அவள் முன்தான் விழுகிறான். அதன்பின் நீண்டு செல்வது அவன் தாய் கோதமையின் துயரம். மகனுக்கு ஈடாகத் தன் உயிரை எடுத்துக்கொள்ளுமாறு அவள் தெய்வத்திடம் மன்றாடுவதே அக்கதையின் மையம். தனியே கண்டவனின் அச்சம் சில அடிகளில் முடிந்துவிடுகிறது. உடனிருந்தவளின் நிலையோ முடிவதில்லை. தன் உயிருக்கு அஞ்சுவதற்கு ஓர் எல்லை உண்டு, உயிர் போனால் அச்சமும் போகும். இன்னொருவர் உயிருக்கு அஞ்சுபவருக்கு அந்த விடுதலை இல்லை.

உளவியலிலும் இதற்குத் துணையான சான்று உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி ஷாக்டர் 1959இல் வெளியிட்ட ஆய்வில், மின்னதிர்ச்சி தரப்போவதாக மாணவியரிடம் கூறி, காத்திருக்கும் நேரத்தில் தனியே இருக்க விருப்பமா பிறரோடு இருக்க விருப்பமா என்று கேட்டார். அதிர்ச்சி கடுமையாக இருக்கும் என்று அஞ்சவைக்கப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் துணையை விரும்பினர்; அது இலேசானது என்று நம்பியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதியினரே விரும்பினர். அச்சம் மிகும்தோறும் துணைத்தேட்டம் மிகுகிறது என்பதே இதன் பொருள். இருவர் ஒட்டி நிற்பதைக் கண்டு அங்கே அச்சம் இல்லை என்று முடிவுசெய்வது, குடையின் கீழ் இருவர் நிற்பதைக் கண்டு மழை இல்லை என்று முடிவுசெய்வதைப் போன்றது.

இரண்டாம் கால், சிரிப்பு. கூடி ஆடுவோர் சிரிக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் எதைக் கண்டு சிரிக்கிறார்கள்? கதவைச் சாத்தப் போய்த் திறந்துவிட்டவனை, பேய் வந்ததும் நண்பனை உள்ளே வைத்தே ஓடியவனை, சுவரைச் சுட்டுத் தோட்டாவைத் தீர்த்தவனைக் கண்டே சிரிக்கிறார்கள். நகைக்குத் தொல்காப்பியம் கூறும் நிலைக்களன்களில் பேதைமையும் மடமையும் உண்டு. இங்கே அந்தப் பேதைமையை உண்டாக்கியதே அச்சந்தான். ஆகவே இச்சிரிப்பு அச்சத்தை மறுக்கும் சாட்சியாகாது; அச்சம் அங்கே இருந்ததற்கு உரிய சாட்சி. ராகவா லாரன்ஸின் 'காஞ்சனா' (2011) திரைப்படம் முந்தைய 'முனி'யின் தொடர்ச்சியாக வந்தபோது, இரவில் தாயின் துணையின்றி எழுந்துசெல்ல முடியாத வளர்ந்த ஆண்மகனைக் காட்டித் தமிழகத்தையே சிரிக்க வைத்தது. அவன் அஞ்சாதவனாக இருந்தால் அங்கே சிரிக்க என்ன இருக்கிறது?

பண்ருட்டி வட்டாரத்து ஊர்களுக்கு இது புதிய செய்தியே அன்று. திரௌபதி அம்மன் கோயில் தீமிதித் திருவிழாக்களையொட்டிப் பாரதம் படிக்கப்படும்போது, இரவு முழுவதும் தெருக்கூத்து நடக்கிறது. கட்டியங்காரன் எனப்படும் கோமாளி தொடக்கம் முதல் வந்துபோய்ச் சிரிக்க வைக்கிறான். இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து துச்சாதனன் வேடம் குரலெடுத்துப் பாடி, முகம் காட்டாமல் நேரத்தை நீட்டும்போது, சற்று முன் சிரித்த அதே கூட்டம் பேச்சடங்கிவிடுகிறது. திரை விலகியதும் முன்வரிசைக் குழந்தைகள் தாயின் மடியில் முகம் புதைக்கின்றன. நூற்றுக்கணக்கானோர் ஒருவரையொருவர் உரசி அமர்ந்திருக்கும் களம் அது. தனிமை அங்கே எள்ளளவும் இல்லை. அடுத்த ஆண்டும் அதே துகிலுரிதல்தான், அதே கதைதான் என்பதும் அனைவருக்கும் தெரியும். அச்சத்துக்குத் தனிமை வேண்டும் என்பாரும், முதற்பாகத்தில் கண்ட பேய் அடுத்த பாகத்தில் அஞ்ச வைக்காது என்பாரும் அக்களத்தில் ஓரிரவு விடியும்வரை அமர்ந்திருப்பது நலம்.

பரபக்கம் இத்துடன் நிற்க, சுபக்கம் இனி. கூட்டாட்டத் திகிலில் அச்சம் குறைவதில்லை. அது இடம் மாறுகிறது. தனியாட்டத்தில் அச்சம் ஆடுபவருக்கும் பேய்க்கும் இடையே உள்ளது. கூட்டாட்டத்தில் அது ஆடுபவருக்கும் துணைவருக்கும் இடையே குடிபுகுகிறது. அங்கே அது இரண்டு உருவங்களை எடுக்கிறது. ஒன்று பொறுப்பு: என் தவற்றால் அவர் அழிவாரோ என்பது. மற்றொன்று ஐயம்: அவர் காண்பதும் நான் காண்பதும் ஒன்றுதானா, அவர் அவர்தானா என்பது.

பொறுப்பின் அச்சத்துக்கு, பழிக்கப்பட்ட ரெசிடென்ட் ஈவில் 5ஆம் பாகத்திலேயே சான்று உண்டு. அதில் ஒரு சுரங்கப் பகுதி முற்றிலும் இருண்டது; ஒருவர் விளக்கைச் சுமக்க வேண்டும், விளக்கைச் சுமப்பவர் அதைக் கீழே வைக்காமல் சுட முடியாது. ஒருவருக்குக் கண் உண்டு, கையில்லை. மற்றவருக்குக் கை உண்டு, கண்ணில்லை. இருவரில் எவர் இறந்தாலும் ஆட்டம் இருவருக்கும் முடிந்தது. இந்த நடுக்கத்தைத் தனியாட்டத்தில் உண்டாக்கவே முடியாது, ஏனெனில் விளக்கும் துப்பாக்கியும் ஒரே ஆளிடம் இருந்தால் அங்கே நம்ப வேண்டியவர் எவருமில்லை. அதே பாகத்தைத் தனியே ஆடுபவருடன் துணையாக வருவது எந்திரத்தால் இயங்கும் ஷேவா. அவளுக்கு அச்சமில்லை, கோபமில்லை, பிறகு குத்திக்காட்டுவதற்கு நாக்குமில்லை. அவ்வாட்டத்தைக் குறைகூறியோரில் பலர் ஆடியது இந்த எந்திரத் துணையுடன்தான் என்பதும் நினைவிற்குரியது.

வால்வ் நிறுவனத்தின் லெஃப்ட் 4 டெட் 2 இப்பொறுப்பையே விதியாக்கியது. முதற்பாகம் வந்து ஓராண்டில், 2009 நவம்பரில் வெளியான இத்தொடர்ச்சியில் நால்வர் சேர்ந்து செல்ல வேண்டும். பாய்ந்து அமுக்கும் சில எதிரிகளிடம் சிக்கியவர் தாமாக விடுபட முடியாது, தோழர் ஒருவர் வந்து விடுவித்தால்தான் உண்டு. தோழரின் குண்டு தோழரையும் காயப்படுத்தும். ஆட்டத்தைப் பின்னின்று இயக்கும் நிரல், ஒவ்வொருவரும் படும் நெருக்கடியை அளந்து, எப்போது தாக்குவது, எப்போது மூச்சுவிட இடம் தருவது என்று முடிவுசெய்கிறது. இங்கே அமுக்கப்பட்டவரின் கூக்குரலைவிட, ஓடித் தப்பிவிடலாமா திரும்பிப் போகலாமா என்று வாசலில் நிற்பவரின் அரை நிமிடமே கொடியது.

ஐயத்தின் அச்சத்துக்கு டெட் ஸ்பேஸ் 3 சான்று. இருவர் ஆடும்போது, கார்வர் என்னும் இரண்டாம் ஆளின் திரையில் தோன்றும் மாயக்காட்சிகள் சில, முதல் ஆளின் திரையில் தோன்றுவதே இல்லை. ஒருவர் பதறிச் சொல்வதை மற்றவர் காண முடியவில்லை. பொய் சொல்கிறாரோ, கேலி செய்கிறாரோ என்ற எண்ணம் எழுகிறது. அவுட்லாஸ்ட் தொடரில் 2024இல் முழுமையாக வெளிவந்த அவுட்லாஸ்ட் ட்ரையல்ஸ் இதனை மேலும் கொண்டுசென்று, உடன் ஆடுபவரின் உருவத்திலேயே வரும் வஞ்சக எதிரிகளைப் படைத்தது. தனியாட்டத்தில் எந்த உருவம் வந்தாலும் அது பகை என்பது உறுதி. நட்பின் முகத்தில் பகை வருமோ என்ற ஐயத்துக்கு நட்பு ஒன்று முன்னதாகவே இருந்தாக வேண்டும். 2020இல் வந்த ஃபாஸ்மோஃபோபியா தொடர்ச்சி ஆட்டமன்று எனினும் இங்கே குறிக்கத்தக்கது: அதில் வீட்டின் மறுகோடிக்குச் சென்றவரின் குரல் தொலைவால் தேய்கிறது, பேய் வேட்டைக்குக் கிளம்பும்போது கம்பியில்லாக் கருவி இரைகிறது. துணை இருந்து, பின் அதன் குரல் நின்றுபோவது, தொடக்கத்திலிருந்தே துணையில்லாமையைவிடக் கூரியது.

இது திரைக்குள் மட்டும் உண்மையானதன்று. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்த தானே புயல், பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் வேரோடு சாய்த்தது. மின்சாரம் பல நாள் வரவில்லை. ஓடு பறக்கும் கூரையின் கீழ் குடும்பத்தோடு இருந்தவருக்கு, தனியே இருந்தவரைவிட அச்சம் குறைவாக இருந்திருக்கும் என்று அவ்வூர்களில் எவரும் ஒப்பமாட்டார். தனியாள் தன் தலையை மட்டும் காத்துக்கொண்டால் போதும். குடும்பத்தார் இருளில் தலைகளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். கூட்டாட்டத் திகில் தொட முயல்வது இந்த எண்ணும் அச்சத்தையே.

எதிர்த்தரப்பில் ஒப்புக்கொள்ளத்தக்க ஒன்று உண்டு. மௌனம் தரும் அச்சத்தைக் கூட்டாட்டம் இழக்கிறது. பூட்டிய கதவின் முன் நெடுநேரம் தயங்கி நிற்கும் உரிமை, பக்கத்தில் ஒருவர் அவசரப்படுத்தும்போது கிடைப்பதில்லை. முன்பே ஆடி முடித்தவர் வழிகாட்டியாக வந்து அடுத்த அறையில் என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனாலும் அச்சம் அழியும். ஆனால் முதலாவது ஒருவகை அச்சத்தின் இழப்பேயன்றி அச்சத்தின் இழப்பன்று. இரண்டாவதில் அச்சத்தைக் கெடுப்பது அவர் உடனிருப்பதன்று, அவருக்கு இழக்க எதுவும் இல்லாமை.

ஆகவே தொடர்ச்சியாக வரும் ஒரு திகில் ஆட்டத்தை மதிப்பிடுவோர், எத்தனை பேர் ஆடலாம் என்ற எண்ணிக்கையை வைத்துத் தீர்ப்பெழுதுவதைக் கைவிட வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒருவர் மற்றவரை எந்த அளவுக்கு நம்பியிருக்க வேண்டும் என்று ஆட்டம் விதித்திருக்கிறது, அந்த நம்பிக்கை முறிந்தால் இருவரும் எதை இழப்பர்? தோட்டாவும் மருந்தும் இருவருக்கும் தாராளமாகக் கிடைத்து, எவரும் எவரையும் எதிர்பார்க்க வேண்டாத ஆட்டத்தில், அருகருகே இருவர் தனித்தனியாக ஆடுகிறார்கள். அங்கே அச்சம் இல்லையென்றால், அதற்குக் காரணம் துணை இருப்பது அன்று, துணை என்று ஒன்று உண்மையில் இல்லாததே. சுரங்கத்தில் விளக்கைப் பிடித்திருப்பவரின் கை நடுங்கும்போது துப்பாக்கி பிடித்தவரின் கண்முன் இருள் அசைகிறது. அந்த அசைவு தனியாட்டத்துக்கு வாய்க்காதது.